மெயில் வண்டிப் பாட்டுக்கு ஒரு கையெழுத்து

வோபர்ன், றொரன்ரோ
4 மே 2025

அன்புத் தங்கச்சி கிறிஸ்ரினாவுக்கு,

நீயும் மருமகன் ஜஸ்ரினும் ஆண்டவர் துணையில் சுகமாக இருப்பீர்கள் என்ற நம்பிக்கையோடு எழுதுகிறேன். இங்கே நானும் உன் மச்சாள் பரிமளமும் நலம். தொண்டையில் கத்தி வைத்து மூன்று வருடமாகிறது. குரல் போனதைத் தவிர வேறு குறையில்லை. வீட்டில் எதிர்ப்பேச்சே இல்லை என்று பரிமளம் ஊரெல்லாம் சொல்லித் திரிகிறாள்.

விஷயத்துக்கு வருகிறேன். பார்க்டேலில் அலெக்ஸாண்டர் என்ற வெள்ளைக்காரர் வைத்திருக்கும் இசைத்தட்டுக் கடையைப் பற்றி முன்பும் எழுதியிருக்கிறேன். பழைய கன்ட்ரி, புளூகிராஸ் என்ற அமெரிக்க நாட்டுப்புறத் தட்டுகளைத் தேடிப் பிடித்து, கீறல் சத்தத்தை நீக்கி, புது உறை போட்டு மறுபடி வெளியிடுவது அவருடைய தொழில். நான் போய் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு ஒன்றையும் வாங்காமல் வருவது அவருக்குப் பழகிவிட்டது. போன கிழமை அவர் ஒரு சின்னத் தட்டைப் போட்டார். கொழும்பில் யாரோ வீடு விற்றபோது கிடைத்த பெட்டியில் இருந்ததாம். பான்ஜோ தொடங்கியதும், பரவாயில்லை, வாசிக்கத் தெரிந்தவன் என்று நினைத்தேன். பாட்டுத் தொடங்குவதற்குக் கொஞ்சம் முன்னால் வாசிப்பவனின் விரல் வழுக்கியது. அந்த வழுக்கலை எனக்குத் தெரியும். அது என் விரல். அடுத்த நொடி இக்னேசியஸ் பாடத் தொடங்கினான்.

கடையில் நின்று அழுதேன் தங்கச்சி. சத்தம் வராதவன் அழுவதைப் பார்த்து அலெக்ஸாண்டர் பயந்துபோய்க் கதிரை கொண்டுவந்து வைத்தார். நான் பேசுவதற்கு வைத்திருக்கும் சின்னப் பலகையில் "இது நாங்கள்" என்று எழுதிக் காட்டினேன்.

உனக்குக் கல்யாணம் ஆவதற்கு முந்தி, எண்பத்திரண்டில், உன் மனுசன் இக்னேசியஸும் நானும் வீரக்குட்டியும் கொழும்புக்குப் போய் அடித்த தட்டுத்தான். மெயில் வண்டிப் பாட்டு. ஜப்பான், இலங்கை என்று அமெரிக்காவுக்கு வெளியே பதிவான பழைய கன்ட்ரி பாட்டுகளைச் சேர்த்து அலெக்ஸாண்டர் ஒரு பெரிய தட்டு வெளியிடப் போகிறார். நம்முடையதுதான் முதல் பாட்டாம். பாட்டைக் கட்டியதும் பாடியதும் இக்னேசியஸ் என்றபடியால் அவனுடைய இடத்தில் நீ கையெழுத்துப் போட வேண்டும். வீரக்குட்டி சுனாமியோடு போய்விட்டான் என்பதால் அவனுடைய மகன் போட்டுவிட்டான். பாட்டை ஜஸ்ரினின் போனுக்கு அனுப்பியிருக்கிறேன். கேட்டுவிட்டு எழுது.

உன் பதிலைப் பார்த்திருக்கும்
அண்ணன் ஜூலியஸ்

புளியந்தீவு, மட்டக்களப்பு
1 யூன் 2025

அன்புள்ள அண்ணாவுக்கு,

கடிதம் வந்தது. உங்கள் சுகத்தை உங்கள் எழுத்திலேயே பார்த்தது சந்தோசம். இங்கே நாங்கள் இருவரும் சுகம். வெக்கைதான் தாங்கவில்லை. போன கிழமை ஒரு கல்யாண கேக்கின் ஐசிங் மேசையிலேயே இளகி, மாப்பிள்ளை வீட்டார் வருவதற்கு முன்னால் இரண்டாம் முறை பூசினேன்.

ஏன் போனில் எழுதி அனுப்பாமல் கடிதம் கேட்கிறாள் என்று மச்சாள் ஜஸ்ரினிடம் கேட்டாளாம். என் கண்ணுக்கு அந்தச் சின்ன எழுத்துப் பிடிபடாது. ஜஸ்ரின்தான் வாசித்துச் சொல்ல வேண்டும். இவருடைய விஷயத்தை மகன் எனக்கு வாசித்துச் சொல்ல நான் கேட்டுக்கொண்டிருக்க மாட்டேன்.

பாட்டைக் கேட்டேன். ஜஸ்ரின் குசினி மேசையில் போனை வைத்தான். முதல் அடியிலேயே முட்டை அடிக்கும் கோப்பையைக் கீழே வைத்துவிட்டேன். அவன் இரண்டு வயதுக்குப் பிறகு காணாத தகப்பன். பாட்டு முடிந்த பிறகும் போனைப் பார்த்துக்கொண்டே இருந்தான். பிறகு, "அம்மா, என்ட குரல் மாதிரியே இரிக்கு" என்றான். உண்மைதான், அவன் குரல்தான்.

நீங்கள் விரல் வழுக்கியதையும் கேட்டேன். நாற்பது வருடமாக இவரைத்தான் பழி சொன்னீர்கள், அவன் அவசரப்பட்டுத் தொடங்கியதால் வந்தது என்று. நன்றாகக் கேட்டுப் பாருங்கள், இவர் சரியான நேரத்தில்தான் தொடங்குகிறார்.

எல்லாம் சரி அண்ணா. இவருடைய இடத்தில் என்று எழுதியிருக்கிறீர்கள். அது என்ன இடம்? இவர் எழுதிய பாட்டுக்கு இவர் இருக்கும்போது நான் எப்படிக் கையெழுத்துப் போடுவது? விளக்கமாக எழுதுங்கள்.

மச்சாளுக்கு என் அன்பைச் சொல்லவும்.
உங்கள் தங்கை கிறிஸ்ரினா

வோபர்ன்
22 யூன் 2025

அன்புத் தங்கச்சிக்கு,

சுகம், சுகமறிய ஆவல். வழுக்கல் விஷயத்தை இன்னும் நீ விடவில்லை என்பதிலேயே உன் சுகம் தெரிகிறது.

நீ கேட்டதை அலெக்ஸாண்டரின் கடையில் பேப்பர் வேலை பார்க்கும் பிள்ளையிடம் கேட்டேன். மதுரா என்று பெயர். இங்கே பிறந்தவள், ரூஜ் பக்கம் வீடு, தகப்பன் தாய் மட்டக்களப்பு. நல்ல மரியாதையான பிள்ளை. அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: "அங்கிள், அவர் இருக்கிறார் எண்டால் அவர் சைன் பண்ணோணும். இல்லையெண்டால் டெத் சேர்ட்டிபிக்கேற் வேணும், பிறகு அன்ரி சைன் பண்ணலாம். நடுவில ஒண்டும் இல்லை. இது இல்லாமல் நாங்கள் ரிலீஸ் பண்ணேலாது, ஐ ஆம் ஸோ சொறி."

சொல்லும்போது அந்தப் பிள்ளையின் முகம் மாறிவிட்டது. அவளுக்கும் ஊரில் இப்படி ஒரு மாமன் உண்டாம்.

தங்கச்சி, நான் உன்னை வற்புறுத்தவில்லை. ஒரு தாளைப் பற்றித்தான் கேட்கிறேன். அந்தத் தாளில் எழுதியிருப்பதை நீ நம்ப வேண்டும் என்று யாரும் கேட்கவில்லை. அரசாங்கக் கச்சேரியில் இப்போது நாள் கடத்தாமல் கெதியாகத் தருகிறார்களாம். யோசித்துப் பார்.

செவ்வாய்க்கிழமைகளில் எனக்கு டவுன்ரவுனில் அலுவல் இருப்பதால் இதை அவசரமாக எழுதினேன். எழுத்துக் கோணலாக இருந்தால் பஸ்ஸில் இருந்து எழுதியதென்று நினைத்துக்கொள்.

அண்ணன் ஜூலியஸ்

மட்டக்களப்பு
20 யூலை 2025

அன்புள்ள அண்ணாவுக்கு,

இங்கே சுகம். அங்கும் அப்படியே இருக்கட்டும்.

அந்தத் தாளை எனக்குப் புதிதாக அறிமுகப்படுத்த வேண்டாம். தொண்ணூறுக்குப் பிறகு நாலு கிராம சேவகர்கள் மாறிவிட்டார்கள், நாலு பேரும் அதைக் கொண்டுவந்து இந்த மேசையில் வைத்துப் பார்த்தவர்கள். கடைசியாக வந்தவன் சின்னப் பொடியன். "அக்கா, ஒரு கையெழுத்துப் போட்டா எல்லாம் முடிஞ்சிரும்" என்றான். எல்லாம் என்றால் என்ன என்று கேட்டேன். ரீயைக் குடித்துவிட்டுப் போய்விட்டான். அதற்குப் பிறகு கேக் வாங்க மட்டும்தான் வருகிறான்.

நீங்கள் எண்பத்தாறில் போய்விட்டீர்கள். அதில் எனக்குக் குறையில்லை, போனதால்தான் உயிரோடு இருக்கிறீர்கள். ஆனால் தொண்ணூறில் அன்றைக்கு நீங்கள் இங்கே இல்லை. காலையில் ஆமிக்காரர் ரவுண்டப்பென்று எல்லா ஆம்பிளைகளையும் கோயில் வளவுக்கு வரச் சொன்னார்கள். இவர் சேட்டுப் பொத்தானைப் பூட்டிக்கொண்டே, பத்து மணிக்கு வந்துவிடுவேன், தேங்காய்ப்பாலை இப்போது பிழியாதே, புளித்துவிடும் என்று சொல்லிவிட்டுப் போனார். செத்தார் என்று ஒருவரும் எனக்குச் சொல்லவில்லை. உடலைக் கண்டேன் என்று ஒருவரும் சொல்லவில்லை. ஒருவருக்கும் தெரியாததை நான் எப்படித் தெரியும் என்று எழுதிக் கையெழுத்துப் போடுவேன்?

தாள்தானே என்கிறீர்கள். அந்தத் தாளில் செத்த இடம், செத்த காரணம் என்று கட்டங்கள் இருக்கின்றன அண்ணா. இரண்டிலும் நான் என்ன எழுதுவது?

உங்களுக்கு டவுன்ரவுனில் என்ன அலுவல்? பென்சன் எடுத்த மனுசனுக்குக் கிழமைக்கொரு அலுவலா?

உங்கள் தங்கை கிறிஸ்ரினா

வோபர்ன்
14 ஓகஸ்ட் 2025

அன்புத் தங்கச்சிக்கு,

உங்கள் இருவரின் சுகத்துக்காகத் தினமும் செபிக்கிறேன். இங்கே பரவாயில்லை. டவுன்ரவுனில் வழமையான செக்கப்தான், வேறொன்றுமில்லை. இந்த நாட்டில் கிழவர்களைச் சும்மா விடமாட்டார்கள்.

உன் கடிதத்தைப் பல தரம் வாசித்தேன். உன்னோடு வாதாட எனக்கு விருப்பமில்லை, ஆனாலும் எழுதாமல் இருக்க முடியவில்லை. தட்டை அடிக்கும் தொழிற்சாலையில் அலெக்ஸாண்டர் இடம் பிடித்துவிட்டார். நவம்பர் முடிவுக்குள் பேப்பர்கள் கிடைத்தால் வசந்தத்தில் தட்டு வரும். கிடைக்காவிட்டால் நம் பாட்டை எடுத்துவிட்டு வேறொன்றைப் போடுவார்கள். அவரையும் குறை சொல்ல ஏலாது.

முப்பத்தைந்து வருடம் தங்கச்சி. அவன் நடந்து வருவான் என்று நீ உண்மையாகவே நினைக்கிறாயா? அவன் என் மச்சான் ஆவதற்கு முதலே என் கூட்டாளி. நான் அவனை எப்போதோ மனதில் அடக்கம் செய்துவிட்டேன். நீ இப்படி வைத்துக்கொண்டிருப்பதால் அவனுக்கு என்ன நன்மை? அவன் குரலாவது உயிரோடு வெளியே வரட்டுமே. ஜஸ்ரினுடைய பிள்ளைகள் நாளைக்குக் கேட்கட்டுமே. நீ அந்தக் குரலையும் சேர்த்துக் கட்டிவைத்திருக்கிறாய்.

கடுமையாக எழுதிவிட்டேன். கிழித்துவிட்டு வேறு எழுதலாமென்று பார்த்தேன், கையில் தெம்பில்லை. அப்படியே அனுப்புகிறேன்.

அண்ணன் ஜூலியஸ்

மட்டக்களப்பு
6 செப்ரெம்பர் 2025

அண்ணாவுக்கு,

சுகம்.

எனக்குக் கல்யாணம் பேசியதும் நீங்கள்தான். இவருடைய கையைப் பிடித்து என் கையில் வைத்ததும் நீங்கள்தான். அதற்காக நீங்களே அவரை அடக்கம் செய்யவும் உரிமை இருக்கிறதென்று நினைத்துவிட்டீர்கள்.

பாட்டை எடுத்துவிட்டு வேறு பாட்டைப் போடச் சொல்லுங்கள். ஜப்பான்காரரின் பாட்டு இன்னொன்று இருக்குமே.

கிறிஸ்ரினா

வோபர்ன்
20 ஒக்ரோபர் 2025

அன்புத் தங்கச்சிக்கு,

இந்தக் கடிதம் உன்னைச் சுகமாகக் காணட்டும். செப்ரெம்பர் கடைசியிலிருந்து இங்கே தபால்காரர்கள் வேலைநிறுத்தம். உன் கடிதம் எங்கேயோ கிடந்து போன கிழமைதான் வந்தது. நான் பதில் போடவில்லை என்று கோபத்தோடு இருப்பாய். கொழும்புக்குப் போகும் ஒருவரிடம் இதைக் கொடுத்து விடுகிறேன்.

நீ எழுதியது சரி. நான் எழுதியது பிழை. அதை ஒத்துக்கொண்ட பிறகும் மறுபடி அதையே கேட்கிறேன், இதைத்தான் வெட்கமில்லாதவன் என்பார்கள். நவம்பர் முடிய இன்னும் நாள் இருக்கிறது. எனக்காகக் கேட்கிறேன் என்று வைத்துக்கொள். எனக்கு அவசரம். அந்தத் தட்டைக் கையில் வாங்கி, உறையைப் பிரித்து, ஊசி வைத்துக் கேட்க எனக்கு ஆசை. வேறு காரணம் சொல்லத் தெரியவில்லை.

பரிமளம் இரவுச் சாப்பாட்டுக்குக் கஞ்சி வைத்திருக்கிறாள், கூப்பிடுகிறாள்.

அண்ணன் ஜூலியஸ்

மட்டக்களப்பு
9 நவம்பர் 2025

அண்ணாவுக்கு,

இன்றைக்கு நான் சுகம் கேட்கவில்லை, குறை நினைக்க வேண்டாம்.

மரித்தோர் திருநாளன்று ஸ்காபரோவில் நம் ஆட்களின் தமிழ்ப் பூசையை யாரோ பேஸ்புக்கில் நேரடியாகப் போட்டிருக்கிறார்கள். பக்கத்து வீட்டு ரீச்சர் பார்த்திருக்கிறா. மறுநாள் காலையில் கோயில் வாசலில் என் கையைப் பிடித்துக்கொண்டு, "கிறிஸ்ரினா, கடைசியில சரியானதைச் செஞ்சிட்டிங்க, அவரும் நிம்மதியா இருப்பார்" என்றா. எனக்கு விளங்கவில்லை. பிறகு சொன்னா, மரித்தவர்களின் பெயரை வாசித்தபோது இக்னேசியஸ், மட்டக்களப்பு என்று வாசித்தார்களாம்.

ஒவ்வொரு நவம்பரிலும் மரித்தவர்களின் பெயரை எழுதிப் பூசைக்குக் கொடுக்க இங்கே கோயிலில் உறை தருவார்கள். அப்பாவின் பெயரை எழுதுவேன், அம்மாவின் பெயரை எழுதுவேன், வீரக்குட்டி இந்துவென்றாலும் அவனுடைய பெயரையும் எழுதுவேன். இவருடைய பெயரை எழுதியதில்லை. இவருக்கு நான் கேட்பது பிரயாணிகளுக்கான பூசை. பங்குத் தந்தைமார் எத்தனை பேர் மாறினாலும் ஒருவரும் என்னை ஏனென்று கேட்கவில்லை. நீங்கள் பதினாயிரம் மைலுக்கு அப்பால் இருந்து ஒரு உறையில் போட்டு முடித்துவிட்டீர்கள்.

தாளுக்கு நான் சம்மதிக்கவில்லை என்றதும் கோயிலில் முடித்துக்கொண்டீர்களா? இப்போது ஊரில் கண்டவர் நின்றவர் எல்லாம் எனக்கு ஆறுதல் சொல்கிறார்கள். நேற்று ஒருத்தி கேக் எடுக்க வந்து, வெள்ளைச் சேலை உடுக்கவில்லையா என்று பார்த்தாள். ஜஸ்ரின் என் முகத்தைப் பார்க்காமல் சாப்பிடுகிறான்.

இனி எனக்கு எழுத வேண்டாம்.

கிறிஸ்ரினா

வோபர்ன்
28 நவம்பர் 2025

அன்புத் தங்கச்சிக்கு,

எழுத வேண்டாமென்றாய். எழுதுகிறேன். வாசிக்காமல் போட்டாலும் சரி.

பெயரைக் கொடுத்தது நான்தான். உன் தாளுக்குப் பதிலாக அதைச் செய்யவில்லை. கோயிலில் ஒப்புக்கொடுத்ததை அலெக்ஸாண்டரிடம் கொண்டுபோய்க் காட்ட முடியுமா? அது பூசை, அத்தாட்சி அல்ல. பேஸ்புக்கில் போகிறதென்பது சத்தியமாக என் புத்தியில் படவில்லை. மட்டக்களப்பில் யார் எதைப் பார்க்கிறார்கள் என்று நினைத்தா ஒருவன் செபிக்கிறான்?

எனக்கு அவன் இறந்தவன் தங்கச்சி. உனக்கு இல்லை. உன்னுடைய நம்பிக்கையை நான் கேலி செய்யவில்லை. ஆனால் எனக்கும் அவன் கொஞ்சம் சொந்தம். இந்த வருடம் அவனுக்காக ஒரு முறையாவது செபித்துவிட வேண்டும் என்று மனம் கிடந்து அடித்தது. ஏன் இந்த வருடம் என்று கேட்காதே.

உன்னை ஊர் நடுவில் நிறுத்தியதற்கு மன்னித்துக்கொள். செபித்ததற்கு மன்னிப்புக் கேட்க மாட்டேன்.

நவம்பர் முடிகிறது. அலெக்ஸாண்டரிடம் போய், தங்கச்சி ஒத்துக்கொள்ளவில்லை, பாட்டை எடுத்துவிடுங்கள் என்று பலகையில் எழுதிக் காட்டிவிட்டேன். அவர் புதுவருடம் வரை பொறுத்துப் பார்ப்போம் என்றார். இனி நான் கேட்க மாட்டேன்.

அண்ணன் ஜூலியஸ்

மட்டக்களப்பு
19 டிசம்பர் 2025

அன்புள்ள அண்ணாவுக்கு,

உங்கள் கடிதம் வந்த அன்று, இவருடைய பெயரை எப்படித்தான் வாசித்தார்கள் என்று என் காதால் கேட்க வேண்டும் போலிருந்தது. ஜஸ்ரினிடம் அந்தப் பூசையைப் போடச் சொன்னேன். பெயர்கள் வருமிடத்துக்குத் தள்ளிவிடவா என்று கேட்டான். பூசையைத் தள்ளிப் பார்ப்பது பாவம், முதலிலிருந்து போடு என்றேன். கிறிஸ்மஸ் கேக்குக்குப் பழம் வெட்டிக்கொண்டே கேட்டேன்.

மரித்தவர்களின் பெயருக்கு வருவதற்கு முன்னால் நோயாளருக்கான மன்றாட்டு வந்தது. கடுமையான நோயில் இருக்கும் எங்கள் சகோதரர்களுக்காக என்று ஒரு பெண்பிள்ளை வாசித்தாள். மூன்றாவது பெயர் ஜூலியஸ், வோபர்ன்.

ஜஸ்ரினும் கேட்டான். இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்தோம். திருப்பிப் போடச் சொன்னேன். அதற்குப் பிறகு இவருடைய பெயரை வாசித்தது எனக்குக் காதில் ஏறவே இல்லை.

மச்சாளுக்குப் போன் எடுத்தேன். நோயாளருக்கான உறையில் உங்கள் பெயரை எழுதியது அவளாம். மற்றதைக் கேட்டால் அழுகிறாளே தவிரச் சொல்கிறாளில்லை. "அவர் சொல்லவேண்டாம் எண்டவர், அவர் சொல்லவேண்டாம் எண்டவர்" என்று அதையே சொன்னாள். செவ்வாய்க்கிழமை அலுவல், கையில் தெம்பில்லை, கஞ்சி, எனக்கு அவசரம். எல்லாக் கடிதத்தையும் எடுத்து மேசையில் வைத்து மறுபடி வாசித்தேன். கோபம் கண்ணை மறைத்திருக்கிறது. நான் ஒரு மடைச்சி.

அண்ணா, எனக்குக் கோபம் தீரவில்லை. ஆனால் இப்போது வேறு கோபம். வீட்டைவிட்டுப் போன மனுசன் எங்கே, எப்படி, இருக்கிறாரா இல்லையா என்று ஒருவரும் சொல்லாமலே நான் கிழவியானேன். அந்தச் சொல்லாமல் விடுவது ஒரு மனுசியை என்ன செய்யும் என்று இந்த உலகத்தில் யாருக்குத் தெரியாவிட்டாலும் உங்களுக்குத் தெரியும். தெரிந்துகொண்டு நீங்களும் அதையே எனக்குச் செய்யப் பார்த்தீர்கள். ஒருநாள் மச்சாள் போன் எடுத்து முடிந்துவிட்டது என்று சொல்லியிருப்பாள். நான் அப்போது தட்டைப் பற்றி உங்களோடு கோபித்துக்கொண்டிருந்திருப்பேன்.

நேற்றுக் கச்சேரிக்குப் போனேன். அந்தத் தாளுக்கான விண்ணப்பத்தை வாங்கிவந்து வைத்திருக்கிறேன். நிரப்பவில்லை. உங்களுக்கு எவ்வளவு காலம் என்று டொக்டர் சொன்னதை, சர்க்கரை தடவாமல், உங்கள் கையால் எழுதுங்கள். அந்தத் தட்டு இல்லாமல் போக மாட்டேன் என்று எழுதினீர்களென்றால் நான் இதில் கையெழுத்துப் போடுகிறேன். எழுத வேண்டிய கட்டங்களில் எதையாவது எழுதுகிறேன்.

கெதியாக எழுதுங்கள்.
உங்கள் தங்கை கிறிஸ்ரினா

வோபர்ன்
11 ஜனவரி 2026

என் அன்புத் தங்கச்சிக்கு,

நீ கேட்டபடி எழுதுகிறேன். தொண்டையில் இருந்த புற்று போன ஏப்ரலில் நெஞ்சுக்குப் போய்விட்டதாகச் சொன்னார்கள். அதற்குப் பிறகுதான் அந்தத் தட்டைக் கேட்டேன். செவ்வாய்க்கிழமைகளில் மருந்து ஏற்றினார்கள். டிசம்பரோடு நிறுத்திவிட்டார்கள், இனி பிரயோசனமில்லை என்று. கோடையைக் காண்பேன் என்று டொக்டர் சொல்கிறா, இலை விழுவதைக் காண்பேன் என்று சொல்லவில்லை. நோவுக்கு மருந்து தருகிறார்கள், படுத்தால் மூச்சு முட்டுகிறது, கதிரையில் இருந்தே தூங்குகிறேன். இவ்வளவுதான் தங்கச்சி. ஒன்றையும் மறைக்கவில்லை.

உனக்குச் சொல்லாததற்குக் காரணம் பெரிதாக ஒன்றுமில்லை. பயம். எழுதினால் உண்மையாகிவிடும் போலிருந்தது. கட்டங்களை நிரப்பாத நீ இதை விளங்கிக்கொள்வாய்.

விண்ணப்பத்தைத் திருப்பிக் கொடுத்துவிடு. உன் கடிதத்தை மதுராவிடம் காட்டினேன். அந்தப் பிள்ளை அழுதுவிட்டு, இரண்டு நாள் யார் யாரையோ விசாரித்துவிட்டு வந்து சொன்னாள்: "அங்கிள், வேற வழி ஒண்டு இருக்கு. ஆளைத் தேடிக் கண்டுபிடிக்கேலாமல் போனால் இங்க பாட்டு உரிமை பாக்கிற போர்டிட்ட லைசென்ஸ் கேக்கலாம். அவர் இறந்திட்டார் எண்டு ஒருத்தரும் எழுதத் தேவையில்லை. நல்லாத் தேடினது எண்டு மட்டும் காட்டோணும்."

இதை முதலே சொல்லியிருக்கலாமே என்று அவளுக்குப் பலகையில் எழுதிக் காட்டினேன். இப்படி ஒன்று தேவைப்படும் என்று இதுவரை தனக்குத் தோன்றவில்லையாம். ஆனால் இந்த வழி மெதுவானது. மாதக்கணக்கில் போகும், வருடமும் ஆகலாம். அலெக்ஸாண்டர் என் முகத்தைப் பார்த்தார். என்னிடம் காலம் இல்லை என்பது அவருக்குத் தெரியும். பழைய வழியென்றால் வசந்தத்திலேயே தட்டு என் கையில் இருக்கும்.

நான் மெதுவான வழியைச் சொல்லிவிட்டேன். அந்தப் பாட்டு அடித்த அன்று அவனுக்குப் பக்கத்தில் நின்றவன் நான். தட்டு எனக்கில்லை, கேட்காதவர்களுக்கு. நான் இல்லாவிட்டாலும் வரும் என்று அலெக்ஸாண்டர் கையடித்துத் தந்தார். இறந்த பாடகர் என்று உறையில் போட மாட்டார்கள்.

இனி உன்னுடைய வேலை. நீ எங்கெங்கே தேடினாய், யார் யாரைக் கேட்டாய் என்பதை எழுதி அனுப்பு. மதுரா இங்கிலீசில் ஆக்குவாள்.

உன் அண்ணன் ஜூலியஸ்

மட்டக்களப்பு
15 பெப்ரவரி 2026

அன்புள்ள அண்ணாவுக்கு,

கடிதம் கிடைத்தது. வாசித்தேன். அழுதேன். பிறகு எழும்பி ஒரு கேக் ஓடரை முடித்துக் கொடுத்தேன். இப்போது எழுதுகிறேன்.

தேடியதை எழுதச் சொன்னீர்கள். வேறு தாள்களில் எழுதி இதோடு வைத்திருக்கிறேன், மதுராவிடம் கொடுங்கள். இரண்டு கிழமையாக எழுதினேன். முதலில் கோயில் வளவு, பிறகு இங்குள்ள முகாம் வாசல்கள். ஜஸ்ரினை இடுப்பில் வைத்துக்கொண்டு போய் நின்றது. பிறகு கொழும்புச் சிறைச்சாலைகள், காலிப் பக்கத்துத் தடுப்பு முகாம், செஞ்சிலுவைக்காரர், பங்குத் தந்தைக்கு மேலே மேற்றிராணியார், காணாமல் போனோரை விசாரிக்க ஒன்றுக்குப் பின் ஒன்றாக வந்த கமிசன்கள், அவற்றில் ஒவ்வொரு முறையும் அதே கதையை முதலிலிருந்து சொன்னது. பொலனறுவையில் ஒரு பஸ்ஸில் இவருடைய முதுகைப் போலவே ஒரு முதுகைக் கண்டு, இறங்கிப் பின்னால் போய், அந்த மனுசன் திரும்பியதும் ரோட்டில் நின்றது. மை போட்டுப் பார்க்கும் ஒருவரிடமும் போனேன். பங்குத் தந்தைக்கு இன்றுவரை சொல்லவில்லை. அதையும் எழுதியிருக்கிறேன். போர்ட்காரர் சிரிப்பார்களென்றால் மதுரா அந்த வரியை எடுத்துவிடட்டும்.

எழுதும்போது ஒன்று தோன்றியது. இத்தனை வருடமும் எல்லாரும் என்னிடம் இன்னும் ஏன் தேடுகிறாய் என்றுதான் கேட்டார்கள். எங்கே தேடினாய் என்று கேட்டது உங்கள் இசைத்தட்டுக் கடைதான். ஜஸ்ரின் எல்லாத் தாள்களையும் இருந்து வாசித்தான். பாதிக்கு மேல் அவனுக்குத் தெரியாது. இரவு சாப்பிடும்போது என் முகத்தைப் பார்த்துச் சாப்பிட்டான்.

விண்ணப்பத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். இவரைப் பற்றி நான் இனி உங்களோடு சண்டை பிடிக்க மாட்டேன். நீங்கள் உங்கள் உறையில் எழுதுங்கள், நான் என் உறையில் எழுதுகிறேன்.

இனி உங்கள் விஷயம். விசாவுக்கு ஜஸ்ரின் எழுதிப் போட்டிருக்கிறான், தருவார்களென்று எனக்கு நம்பிக்கையில்லை. அதனால் கேட்பதை இப்போதே கேட்கிறேன். ஒவ்வொரு கிழமையும் எப்படி இருக்கிறீர்கள் என்று உள்ளதை உள்ளபடி எழுதுங்கள். உங்களால் முடியாதபோது மச்சாள் எழுதட்டும். அந்த நாள் வரும்போது எந்த நேரமென்று பார்க்காமல் அவள் எனக்குப் போன் எடுக்க வேண்டும். யார் பக்கத்தில் இருந்தார்கள், கடைசியில் என்ன செய்தீர்கள், எல்லாவற்றையும் அவள் சொல்ல வேண்டும். தாங்க மாட்டேன் என்று நினைக்க வேண்டாம். தெரியாததைத்தான் என்னால் தாங்க முடியாது.

இன்னுமொன்று. உங்களை எந்தச் சேமக்காலையில் அடக்கம் செய்து வைக்கப் போகிறார்களென்று இப்போதே கேட்டு எழுதுங்கள். சேமக்காலையின் பெயர், ரோட்டின் பெயர், எந்தப் பக்கம், எத்தனையாவது வரிசை. நான் அங்கே வந்து சேராமலே போகலாம். ஆனாலும் என்னுடைய ஆம்பிளைகளில் ஒருவரையாவது எங்கே வைத்திருக்கிறார்கள் என்று எனக்குத் தெரிந்திருக்கட்டும்.

உங்கள் தங்கை
கிறிஸ்ரினா